‘எங்க போறாய் பிள்ளை?’ என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றின் தலைவி அக்கா போன மாதம் கூப்பிட்டார். சங்கத்துக்கு ஒரு வருடத்துக்கென்று கொஞ்சக் காசு வந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு குழு தொடங்க வேண்டும் என்பது அவர்களுடைய யோசனை. ஒரு தாளில் நான்கு தெரிவுகளை எழுதி வைத்திருந்தார்கள்: பன்னிரண்டு கிழமைச் சிகிச்சைக் குழு, ஐந்து கிழமைக் குறுகிய குழு, சேமிப்புக் குழு, கைவேலைக் குழு. “இதில எது நல்லது? ஒண்டைச் சொல்லுங்க தங்கச்சி” என்றார். அன்றைக்கு என்னால் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து எழுதியது இது. இதே கேள்வியோடு குச்சவெளியிலும் வெருகலிலும் தம்பலகாமத்திலும் சங்கங்கள் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதில் வரும் பெண்களை எவரும் அடையாளம் தேட வேண்டாம். பல வருடத்தில் பல பேரிடம் கேட்டதைக் கலந்துதான் சொல்கிறேன்.

தாளின் அடியில் பென்சிலால் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. ஒருநாள் பயிற்சிப் பட்டறை, மதியச் சாப்பாட்டோடு. அதை அங்கேயே வெட்டச் சொன்னேன். காலையில் கூட்டி வந்து, மனதில் இருப்பதை எல்லாம் கொட்ட வைத்து, சோற்றுப் பார்சலும் கொடுத்து, பின்னேரம் அதே வீட்டுக்கே திருப்பி அனுப்புவதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது.

‘திரும்பத் திரும்ப’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். சின்ன வயதில் சொந்தக்காரன் ஒருவன். 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையோடு இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தில் இன்னொருவன். கலியாணம் கட்டிய பிறகு புருஷன். அவன் விட்டுப்போன பிறகு, கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கிறவன். இப்படி வந்த ஒருத்தி, தனக்கு என்ன நடந்தது என்பதில் இருந்து பேச்சைத் தொடங்கமாட்டாள். “என்ர ராசி அப்படி, நான்தான் சரியில்ல” என்றுதான் தொடங்குவாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் நெஞ்சு பதகளிக்குது, தலைக்குள்ள இரையுது, யோசினை கூட, நித்திரை இல்லை என்பாள். பனடோலும் விற்றமினும் கொண்டு வீடு வருவாள்.

இன்னொன்று, பல பேருக்கு அது இன்னும் முடியவில்லை. செய்தவன் அதே வீட்டில் இருக்கிறான், அல்லது அதே ஒழுங்கையில் இருக்கிறான், கோயில் திருவிழாவில் எதிரே வருகிறான். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வுக் கணக்கெடுப்பின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒருதடவையாவது அந்தத் துணையிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதாவது ஐந்தில் ஒருத்தி. துணைக்கு வெளியே நடப்பது இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே, எல்லாம் முடிந்துபோனது, இனி ஆற வேண்டியதுதான் மிச்சம் என்று நினைத்துக் குழுவைத் திட்டமிட்டால் முதல் கிழமையிலேயே பிழைத்துவிடும்.

இப்போது தெரிவுகளுக்கு வருவோம். புத்தகங்களில் குழுக்களை ஒப்பிடும்போது முறை, அமர்வு, செலவு என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பஸ் ஹோல்ட்டைத்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் நல்ல சீலை உடுத்து நின்றால், தெரிந்தவர் ஒருவராவது “எங்க போறாய் பிள்ளை?” என்று கேட்பார். கேட்பவரிடம் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பொய்யில்லாத, சந்தேகம் வராத பதில் ஒன்று அவளுக்கு வேண்டும். அதைத் தராத குழு எவ்வளவு நல்ல முறையில் நடந்தாலும் அவள் மூன்றாம் கிழமை வரமாட்டாள்.

பன்னிரண்டு கிழமைக் குழுதான் சிகிச்சை என்ற சொல்லுக்கு உரியது. ஆறு முதல் எட்டுப் பெண்கள், கிழமைக்கு ஒருநாள், இரண்டு மணித்தியாலம். தொடங்கிய பிறகு புது ஆளைச் சேர்ப்பதில்லை. இந்த முறையை கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதிக் கிராமங்களில் சோதித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நம் விடயத்துக்கு அவ்வளவு கிட்ட வேறொன்றை நான் பார்த்ததில்லை. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், பாலியல் வன்முறை, சுற்றிச் சண்டை இன்னும் ஓயாத காலம். நடத்தியவர்களும் டொக்டர்மார் இல்லை. சில வருடம் மட்டும் இடைநிலைப் பள்ளியில் படித்த, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, மனச்சோர்வு அல்லது பதகளிப்பு இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் குழுவில் இருந்தவர்களில் 9 வீதம். குழு இல்லாமல் தனியாக ஆதரவு மட்டும் பெற்ற கிராமங்களில் 42 வீதம். இந்த இரண்டாம் கூட்டத்தாரின் நிலை தொடக்கத்திலேயே கொஞ்சம் மோசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

உள்ளே என்ன நடக்கிறது என்று அக்கா கேட்டார். மந்திரம் ஒன்றும் இல்லை. ‘என்னால்தான் நடந்தது’, ‘நான் கத்தியிருக்க வேண்டும்’, ‘எந்த ஆம்பிளையையும் நம்ப ஏலாது’, ‘என்ர மகளுக்கும் இதுதான் நடக்கும்’ என்று மனதில் ஊறிப்போன நினைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைப்பார்கள். அது உண்மைதானா, அதைச் சொல்லிக்கொடுத்தது யார், அதை நம்பினால் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். எழுதத் தெரியாத இடத்தில் தாளுக்குப் பதிலாக மனனம் செய்யும் விதத்தில் பாடங்களை மாற்றியிருந்தார்கள். முக்கியமானது, நடந்த சம்பவத்தை எல்லோர் முன்னாலும் விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம் இடத்திலும் முதல் விதியாக அதைத்தான் வைப்பேன். நடந்ததைச் சொல்லத் தேவையில்லை, அதனால் இன்றைக்கு என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் போதும். ‘அவனுடைய சைக்கிள் மணி கேட்டால் கை நடுங்குது’ என்று ஒருத்தி சொல்லி, இன்னொருத்தி ‘எனக்கு மோட்டர்சைக்கிள்’ என்று சொல்லும் அந்த இடத்தில் நடப்பதை, ஒருத்தியோடு மட்டும் பேசும் தனி அறையில் என்னால் ஒருநாளும் செய்ய முடிந்ததில்லை.

குறை எங்கே என்றால் ஆள், தூரம், சந்தேகம். நல்ல பயிற்சி பெற்ற ஒருத்தியும், அவளை மாதம் இரண்டு தடவையாவது கூப்பிட்டுக் கேட்கும் மேற்பார்வையாளரும் வேண்டும். மேற்பார்வை இல்லாமல் நடத்தினால் நடத்துகிறவளுக்கே நித்திரை போய்விடும், எனக்குப் போனது. அடுத்தது பஸ். எட்டுப் பேர், பன்னிரண்டு கிழமை என்றால் 96 போக்கு, 96 வரவு. பஸ் காசைக் கையில் கொடுக்காத குழுவுக்கு வீட்டுக்குத் தெரியாமல் எவரும் வர முடியாது. பிள்ளை பார்க்க ஓர் ஆச்சிக்கும் சம்பளம் வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் ‘எங்க போறாய்?’ என்ற கேள்விக்கு இந்தக் குழுவிடம் பதில் இல்லை.

சேமிப்புக் குழுவுக்கு அந்தப் பதில் கையிலேயே இருக்கிறது. “சங்கத்துக் கூட்டம், காசு கட்டப் போறன்.” மாமியாரும் மறிக்கமாட்டார், சில வீடுகளில் புருஷனே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவான். சீட்டுப் பிடித்துப் பழகிய ஊர் என்பதால் கணக்கும் புதிதல்ல. அதே கொங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு கிராமச் சேமிப்புக் குழுக்களையும் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு கூடியது, ஊர் ஒதுக்குகிறது என்ற உணர்வு குறைந்தது. ஆனால் மனச்சோர்வு, பதகளிப்பு, மனவடுவின் அறிகுறிகள் என்று பார்த்தால், குழுவில் இல்லாதவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்ததென்று காட்ட முடியவில்லை.

இந்த முடிவை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பெண்ணுக்கு ஒரு கோழிக்கூடோ தையல் மெசினோ கொடுத்தால் மனமும் தானாகச் சரியாகிவிடும் என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! கையில் காசு இருப்பது பெரிய விடயம்தான். அடிக்கிறவனை விட்டு வெளியேற அதுதான் முதல் படி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கும்போது வங்கிப் புத்தகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சேமிப்புக் குழு என்று சொல்லும்போது நுண்கடன் கம்பனியை உள்ளே விடவே கூடாது. குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் பொறுப்பு என்கிற முறையில், நேற்றுவரை ஒன்றாக இருந்த பெண்கள் ஒருத்தியின் வாசலில் போய் நிற்க வேண்டி வரும். வசூலிக்க வருகிறவன் காசுக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டான் என்று சொன்ன பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். வன்முறையில் இருந்து மீள வந்தவளை இன்னொருவனுக்குக் கடனாளி ஆக்கி அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது. சேமிப்பு அவர்களுடைய காசாக, அவர்களுடைய பெட்டியில், மூன்று பேரிடம் மூன்று திறப்போடு இருக்கட்டும். குழுவில் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் சேர்க்கவும் வேண்டாம். கிராமத்தில் அப்படி ஒரு குழுவுக்கு ஒரு மாதத்தில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். விதவைகள், புருஷன் வெளிநாட்டில் இருப்பவர்கள், சும்மா ஆர்வத்தில் வருகிறவர்கள் எல்லோரும் கலந்து இருந்தால் எவரையும் விரல் காட்ட முடியாது.

ஐந்து கிழமைக் குறுகிய குழுவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய முறை அது: மூச்சை நிதானப்படுத்துதல், பிரச்சினையைத் துண்டு துண்டாக்கி ஒன்றைத் தீர்த்தல், விட்டுப்போன சின்ன வேலைகளை மறுபடி தொடங்குதல், உதவும் ஆட்களைப் பலப்படுத்துதல். பாகிஸ்தானின் சுவாத்தில் கிராமத்துப் பெண்களோடு குழுவாக நடத்தி, பதகளிப்பும் சோர்வும் குறைந்ததை 2019இல் வெளியிட்டார்கள். உம்மாவிடமும் மாமியாரிடமும் அனுமதி கேட்டு வெளியே வரும் பெண்கள் என்ற வகையில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஒத்துப்போகும். பயிற்சியும் இலகு. ஆனால் அது பொதுவான மன உளைச்சலுக்கானது. பதினைந்து வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதை ஐந்து வியாழக்கிழமையில் இறக்க முடியாது. வாசற்படியாக வைக்கலாம், வீடாக நினைக்கக் கூடாது.

கைவேலைக் குழுவைத் தாளில் எழுதியவர்களே அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ‘மற்றதுக்கு ஆள் கிடைக்காட்டி’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பன் பாய் இழைக்கும்போதும் பனையோலை பின்னும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. கண் கையில் இருக்கும், வாய் தன்பாட்டில் திறக்கும். நேரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துக் கேட்டால் ஒரு சொல்லும் வராத பெண், ஓலையைப் பார்த்தபடி பாதிக் கதையைச் சொல்லிவிடுவாள். தன் உடம்பே தனக்கு அந்நியமாகிப்போனவளுக்கு, விரல்கள் தான் சொன்னபடி கேட்கின்றன என்பது சின்ன விடயம் அல்ல. ஆனாலும் பின்னல் சிகிச்சை ஆகாது. யாராவது ஒருத்தி உடைந்து அழத் தொடங்கினால் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்த ஒருத்தி பாயில் இருக்க வேண்டும். விற்பனைக் கணக்கும் ஓடர் அவசரமும் உள்ளே வந்தால் இதுவும் ஒரு தொழிற்சாலை ஆகிவிடும்.

எந்தத் தெரிவை எடுத்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது, அதைத் தாளில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. நம் கிராமங்களில் எட்டுப் பெண்களை ஓர் அறையில் இருத்தினால், அவர்களில் ஒருத்தி செய்தவனுடைய மச்சாள், இன்னொருத்தி அவனுடைய சின்னம்மா. கொடுத்து எடுத்த சம்பந்தம். உள்ளே சொன்னது வெளியே போகாது என்று சத்தியம் வாங்கினாலும், அவன் வீட்டுக் கலியாணத்துக்கு அவள் போகத்தான் வேண்டும். அதனால் ஒரே ஊரில் இருந்து ஆள் சேர்க்காதீர்கள். கட்டைப்பறிச்சானில் இருந்து இரண்டு, பள்ளிக்குடியிருப்பில் இருந்து இரண்டு, கிளிவெட்டியில் இருந்து இரண்டு என்று எடுங்கள். மூன்றுமல்லாத இன்னோர் இடத்தில் கூடுங்கள். சேர்ப்பதற்கு முதல் ஒவ்வொருத்தியோடும் தனியாகப் பேசி, “யார் இருந்தா உங்களுக்குக் கஷ்டம்?” என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் சேர்த்து வைப்பதா என்பது அடுத்த கேள்வி. சேமிப்பிலும் பின்னலிலும் தாராளமாகச் சேரலாம், சந்தையில் சேராததா? ஆனால் பன்னிரண்டு கிழமைச் சிகிச்சைக் குழுவை முதல் சுற்றில் தனித்தனியாக நடத்தச் சொல்வேன். சண்டைக்காலக் கதைகளில் செய்தவன் மற்றச் சமூகத்தவனாக இருக்கும் இடத்தில், கேட்கிறவளும் சொல்கிறவளும் சேர்ந்து இறுகிப்போவார்கள். இரண்டாம் சுற்றில் அவர்களே கேட்டால் சேர்க்கலாம். நல்லிணக்க அறிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம்.

அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை ஒரு நிறுவனம் எங்களிடம் வரவுப் பட்டியல் கேட்டது: பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், கூடவே நான்கு போட்டோ. ‘பாதிக்கப்பட்ட பெண்கள்’ என்ற தலைப்பில். மறுத்ததில் மூன்று மாதம் காசு நின்றது. பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தைப் பிரசுரிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவே தடை செய்கிறது. நம் பெண்களில் அநேகமானோர் வழக்கே போடாதவர்கள், ஆனால் அவர்களுக்கு அந்த மறைப்பு இன்னும் கூடத் தேவை. காசு கொடுப்பவரோடு ஒப்பந்தம் போடும்போதே தலை எண்ணிக்கை மட்டும்தான் தருவோம் என்று எழுதிவிடுங்கள்.

குழுவுக்குள் எடுக்கக் கூடாதவர்களும் உண்டு. சாக வேண்டும் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருப்பவளுக்குக் குழு போதாது, மனநல டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பாதை வேறு, 1929. சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகிறதென்றால் குழுவை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தடைக்கான அவசர மாத்திரைக்கு ஐந்து நாள்தான். முதலில் பொலிசுக்குப் போனால்தான் வைத்தியம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ‘நட்பு நிலையம்’ என்று ஒன்று இயங்குகிறது. கிளினிக் கொப்பியோடு போகிறவளை ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிரஷருக்கும் சீனிக்கும் எல்லோரும்தான் போகிறார்கள்.

சட்டத்தைப் பற்றிக் குழு நடத்துகிறவள் பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. புருஷன் செய்யும் வல்லுறவு, நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ்ந்தாலொழிய, இந்த நாட்டில் இன்னும் வல்லுறவுக் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரை. அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் குழு தொடங்க முதலே போய்ச் சந்தித்து வையுங்கள், அவசரத்தில் புதுமுகமாகப் போய் நிற்காதீர்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், மனப்பாடம் செய்யட்டும். துண்டில் எழுதிக் கொடுத்தால் சட்டைப்பைக்குள் இருந்து யாராவது எடுப்பார்கள்.

ஆகவே திரும்பப் போய் அக்காவுக்கு நான் சொன்னது: மூன்றாவதையும் நாலாவதையும் சேர்த்து வெளியே வையுங்கள், முதலாவதை அதற்குள் வையுங்கள். ஊருக்கு அது பாய் இழைத்துச் சேமிக்கும் பெண்கள் சங்கம், எவரும் வரலாம், மாதம் இரண்டு தடவை. அதை மூன்று மாதம் நடத்துங்கள். அதற்குள் யாருக்கு நித்திரை இல்லை, யார் கதவுப் பக்கம் முதுகு காட்டி இருக்கமாட்டாள் என்று தெரிந்துவிடும். அவர்களோடு தனியாகப் பேசி, விரும்புகிறவர்களை மட்டும் ‘பின்னல் பயிற்சி, இரண்டாம் கட்டம்’ என்று பன்னிரண்டு கிழமைக்கு வேறோர் இடத்துக்கு எடுங்கள். உண்மையாகவே கடைசி அரை மணித்தியாலம் பின்னட்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஏதாவது இருக்கும். ஐந்து கிழமைக் குழுவுக்கு ஒதுக்கிய காசை மேற்பார்வைக்கு மாற்றுங்கள்.

“அப்ப ரெண்டு வேலை, ஒரு காசு” என்றார் அக்கா. உண்மைதான். அதனால் எட்டுக்குப் பதிலாக ஆறு பேரோடு ஒரே ஒரு சுற்று.

காலமும் பார்க்க வேண்டும். மாரி மழையில் பன்னிரண்டு கிழமைக் குழு நடக்காது, ரோட்டு வெட்டுப்பட்டால் இரண்டு கிழமை போய்விடும், இறுக்கிக் கட்டிய நம்பிக்கையும் கூடப் போய்விடும். பெரும்போக நெல் வெட்டு நேரம் கூலி வேலையை விட்டு எவரும் வரமாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது. வெட்டு முடிந்து, நோன்பு எந்த மாதத்தில் வருகிறதென்று பார்த்து, அதைத் தவிர்த்துத் தொடங்கினால் சித்திரையிலோ வைகாசியிலோ போகலாம். சங்கத்தை இப்போதே திறந்தால் கணக்குச் சரியாக வரும்.

வெருகல் பக்கத்துப் பெண்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பொருளாளர் சொன்னார். பஸ் குறைவு, பின்னேரத்துக்குள் வீடு திரும்ப முடியாது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நடத்துகிறவளே அங்கே போய் இரண்டு நாள் தங்கினால் முடியும். தங்க ஒரு வீடும், அந்த வீட்டுக்காரர் யாருடைய மச்சான் என்பதும் முதலில் தெரிய வேண்டும். அடுத்த கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.